எடு என்ற கட்டளை

சத்யப்பிரியா வேலை பார்க்கும் கம்பெனி மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. ஆட்கள் ஆறு பேர், ப்ராஜெக்ட்டுகள் நாற்பத்து மூன்று. நர்சரிப் பள்ளி, உரக்கடை, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி என்று கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் யார் வந்து கேட்டாலும் முதலாளி ஸ்ரீதர் முடியாது என்று சொன்னதில்லை. எல்லாமே ஜாவாஸ்கிரிப்ட். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் ஒரு கோப்பு உண்டு. அடிக்கடி செய்யும் வேலைகளை அதில் ஸ்கிரிப்ட்டாக எழுதி, ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். பெயரைத் தட்டினால் வேலை நடக்கும்.

வில்லங்கம் அந்தப் பெயரில்தான். ஏழு வருஷத்தில் வந்தவன் போனவன் எல்லாம் வாய்க்கு வந்ததை ஆங்கில எழுத்தில் தமிழாக வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒருவனுக்கு 'ஓட்டு', இன்னொருவனுக்கு 'ஓடு', மூன்றாமவனுக்கு 'கெளம்பு'. மூன்றும் ஒரே வேலை. சர்வருக்கு அனுப்புவதற்கு 'ஏத்து', 'தள்ளு', 'போய்ச்சேரு' என்று மூன்று விதம். புதிதாகச் சேர்ந்தவர்கள் எந்த ப்ராஜெக்ட்டில் எதைத் தட்டுவது என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்கத் திருதிருவென்று விழிப்பார்கள்.

சத்யாவுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. சமையலறையில் கரண்டி இடம் மாறியிருந்தாலே தூக்கம் வராத ரகம் அவள். இரண்டு மாதம், மற்ற வேலைகளுக்கு நடுவே, ஒரு ப்ளக்இன், அதாவது துணை நிரல், எழுதினாள். 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தாள். மேஸ்திரிக்கு ஒரே ஒரு அமைப்புக் கோப்பு. எந்தப் பெயருக்கு எந்த வேலை என்று அதில் எழுதிவிட்டால் போதும். நாற்பத்து மூன்று ப்ராஜெக்ட்டுக்குள்ளும் மேஸ்திரி தானே போய், இல்லாததைச் சேர்த்து, கோணலாக இருப்பதை நிமிர்த்திவிட்டு வருவான். வேண்டியபடி திருப்பிக்கொள்ள ஏழெட்டுத் திருகாணிகளும் வைத்திருந்தாள். அதில் ஒன்று, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால் என்ன செய்வது என்பது. அதற்கு மூன்று பதில் கொடுக்கலாம். 'விடு', 'மாற்று', 'கேள்'.

முதலில் 'கேள்' என்றுதான் வைத்தாள். திங்கட்கிழமை மாலை ஓட்டிப் பார்த்தபோது மேஸ்திரி கேட்க ஆரம்பித்தான். இதை மாற்றவா, அதை மாற்றவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அறுபது தடவை ஆம் என்று தட்டினாள். எல்லாம் ஆம்தான். இன்னும் இருநூற்றுச் சொச்சம் பாக்கி என்று திரையில் தெரிந்தது. மணி ஆறே கால். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து 'கேள்' என்பதை அழித்து 'மாற்று' என்று போட்டாள். இருபது நொடியில் எல்லாம் முடிந்து, புதுக் கட்டளைகள் சர்வர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஸ்ரீதர் கைதட்டினார். எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குச் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது.

"சத்யாம்மா, லோகநாயகி பேசுறேன். நேத்து தேவசகாயம் சாருக்கு எடுத்த ரெக்கார்டிங் ஒண்ணுமே காணலியே. லிஸ்ட்ல பேரு இருக்கு. அமுக்குனா வர மாட்டேங்குது."

லோகநாயகி பேச்சுப் பயிற்சி தருபவர். மேல வீதிக்குப் பின்னால் சின்னதாக ஒரு மையம் நடத்துகிறார். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுக்கப்போகிறவர்களை ஆபரேஷனுக்கு முன்னால் உட்காரவைத்து, முந்நூறு வாக்கியம் பேசச் சொல்லிப் பதிந்துவைப்பார். பிறகு அவர்கள் போனில் எதைத் தட்டினாலும் போன் அவர்கள் குரலிலேயே பேசும். பதிவுகளைச் சேமித்து வைக்கும் மென்பொருள் சத்யாவின் கம்பெனி செய்து கொடுத்தது.

"மத்தவுங்களோடது இருக்கா மேடம்?"

"யாரோடதும் வரல. ஆனா எனக்கு இப்ப அவரோடதுதான்மா அவசரம். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபரேஷன். நேத்து அஞ்சு மணி நேரம் பேசியிருக்காரு, வெந்நீர் குடிச்சுக் குடிச்சு. எழுதிக் காட்டிக்கலாம்னா, ராஜாமணி அம்மாவுக்கு, அவரு சம்சாரத்துக்கு, எழுத்தே தெரியாது. புள்ளைங்களும் இல்ல. போன்ல ரெடிமேடா ஒரு குரல் இருக்கே, அத வெச்சிக்கிறீங்களான்னு கேட்டேன். எவனோ ஒருத்தன் குரல்ல எம் பொண்டாட்டியக் கூப்புட மாட்டேன்னுட்டாரு. இருக்கா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா இன்னைக்கே திரும்ப உக்கார வெச்சிடலாம்."

"பத்து நிமிஷத்துல கூப்புடுறேன் மேடம்."

ஏழே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சிதம்பரம் சர்வரில் தினமும் விடியற்காலை நாலு மணிக்குத் தானாக ஓடும் கட்டளை ஒன்று இருந்தது. அதன் பெயர் 'எடு'. அதை எழுதியவன் கதிரவன் என்ற திட்டக்குடிக்காரன். வேலையை விட்டுவிட்டு இப்போது பெங்களூரில் இருக்கிறான். சத்யா அவனுக்குப் போன் போட்டாள்.

"கதிர், சிதம்பரம் ப்ராஜெக்ட்ல எடுன்னு ஒரு ஸ்கிரிப்ட் வெச்சிருந்தியே, அது என்னா பண்ணும்?"

"காப்பி எடுக்கும். அன்னன்னிக்கு வர்ற ஆடியோவ இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்து வைக்கும். ஏன்?"

"காப்பியா?"

"பின்ன? ஜெராக்ஸ் எடு, போட்டோ எடுன்னு சொல்றதில்லையா? என்னா சத்யா, எதாவது ஆயிடுச்சா?"

அவள் போனை வைத்துவிட்டாள். அவள் வளர்ந்த வீட்டில் எடு என்றால் சாப்பிட்ட இலையை எடு, வாசலில் கிடக்கும் குப்பையை எடு. பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுகளில் அவள் எழுதிய 'எடு', வந்து விழுந்த கோப்புகளை வேலை முடிந்ததும் ஒன்று விடாமல் துடைத்து எடுக்கும். மேஸ்திரியின் அமைப்புக் கோப்பில் அதைத்தான் எழுதியிருந்தாள். திங்கள் மாலை போட்ட 'மாற்று' கதிரவனுடையதை நீக்கிவிட்டு இதை வைத்துவிட்டது. விடியற்காலை நாலு மணிக்குச் சிதம்பரம் சர்வர் வழக்கம்போல 'எடு' என்றது. வழக்கமில்லாத வேலை நடந்துவிட்டது.

பழைய ஆட்களின் குரல்கள் எல்லாம் இன்னொரு டிஸ்கில் பத்திரமாக இருந்தன. திங்கள் காலை வரைக்கும் கதிரவனின் 'எடு' ஒழுங்காகக் காப்பி எடுத்திருந்தது. போனது திங்கட்கிழமை பகலில் பேசிய ஒரே ஒரு மனிதரின் குரல்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஸ்ரீதர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொட்டலத்தை மூடி வைத்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் இனிப்பு அனுப்புகிறவர். பயந்தவர், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு பெரிய மருத்துவமனைக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது.

"அழிஞ்சதத் திரும்ப எடுக்க முடியாதா?"

"முயற்சி பண்ணலாம் சார். நம்பிக்கையில்ல."

"பாண்டிச்சேரில ராஜமாணிக்கம்னு ஒருத்தரு இதையே தொழிலா பண்றாரு. அவருக்கு சர்வரத் தொறந்து வுடு. சாயந்தரம் வரைக்கும் பாப்போம்."

"லோகநாயகி மேடம் இப்பவே கேக்குறாங்க. இல்லன்னா இன்னைக்கே திரும்பப் பேச வெச்சிடலாம்னு சொல்றாங்க."

"கெடச்சிடுச்சுன்னா? அந்த மனுசன வீணா அஞ்சு மணி நேரம் மறுபடியும் வதைக்கணுமா? ஆபரேஷன் நாளைக்குத்தான. சாயந்தரம் அஞ்சு மணிக்குச் சொன்னா ராத்திரிக்குள்ள பேசிடலாம். நான் பொய் சொல்லச் சொல்லல சத்யா. கொஞ்சம் டைம் கேளுன்றேன்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அதில் கோளாறு. தன் தப்பை இன்னும் சில மணி நேரம் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கலாம் என்பது அவளுக்கும் வேண்டியிருந்தது. அதை அவள் பிறகு எத்தனையோ தடவை மென்று பார்த்தாள். ஸ்ரீதர் தலையில் மட்டும் தூக்கிப் போட அவளால் முடியவில்லை. பத்தே முக்காலுக்கு லோகநாயகிக்குப் போன் செய்தாள்.

"மேடம், சர்வர்ல வேலை நடக்குது. அதான் காட்டல. சாயந்தரம் அஞ்சு மணிக்கு உறுதியா சொல்றேன்."

"அப்ப பயமில்லையே?"

"பாத்துக்குறோம் மேடம்."

"சரிம்மா. நான் என்னமோ ஏதோன்னு பதறிட்டேன்."

பாண்டிச்சேரி ராஜமாணிக்கம் சர்வருக்குள் புகுந்து மூன்று மணி நேரம் துழாவினார். அவர் திரையில் செய்வதெல்லாம் சத்யாவின் திரையிலும் தெரிந்தது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தேவசகாயம் ஒன்று, தேவசகாயம் இரண்டு, மூன்று என்று முந்நூறு வரைக்கும் பெயர் இருந்தது. திறந்தால் உள்ளே வேறு எதுவோ இருந்தது. காலையில் யாரோ அதே சர்வரில் ஏற்றிய கல்யாண மண்டபப் படங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன. ஒரே ஒரு கோப்பு மட்டும் கொஞ்சம் பிழைத்திருந்தது. அதைப் போட்டபோது தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு லோகநாயகியின் குரல், "ஆரம்பிக்கலாமா சார்" என்றது. அதற்கு மேல் இல்லை.

"ஒண்ணும் தேறாதும்மா," என்றார் ராஜமாணிக்கம் போனில். "சும்மா நேரத்த வீணாக்காத."

மணி இரண்டு. ஸ்ரீதர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அஞ்சு மணி வரை பொறுக்க இனிக் காரணம் இல்லை. சத்யா மாடிப்படியில் போய் நின்றுகொண்டு லோகநாயகியைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார்.

"மேடம், நேத்து எடுத்தது போயிடுச்சு. திரும்ப வராது. தேவசகாயம் சார இப்பவே உக்கார வெச்சிடுங்க. நானும் கெளம்பி வர்றேன்."

அந்தப் பக்கம் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது.

"நான் ஆஸ்பத்திரிலதான் இருக்கேன்," என்றார் லோகநாயகி. "அவருக்குப் பன்னண்டரைக்கு மூச்சு முட்டிடுச்சு. கட்டி அடைச்சிக்கிச்சு. தூக்கிட்டு வந்து கழுத்துல ஓட்ட போட்டுக் குழாய் வெச்சாச்சு. நாளைக்கு ஆபரேஷன். இனிமே பேச்சு ஏது?"

அடுத்து அவரே கேட்டார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பத்தரைக்கு."

"பத்தரைக்கே தெரியும்." லோகநாயகி சத்தம் போடவில்லை. "நீங்க போன் பண்ணப்ப அவரு என் எதுர்ல பெஞ்சிலதான் உக்காந்திருந்தாரு. நேத்து பேசுனது எப்படி வந்திருக்குன்னு கேக்கணும்னு ஆசைப்பட்டு வந்தாரு. நீங்க சாயந்தரம்னு சொன்னதால, வீட்டுல போயி தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்கன்னு நாந்தான் அனுப்பி வெச்சேன். ரெண்டு மணி நேரம் இருந்துச்சேம்மா. முந்நூறு வேணாம். ராஜாமணின்னு ஒரு வார்த்தையாவது எடுத்திருக்கலாம்."

ஸ்ரீதர் திரும்பி வந்தபோது அவள் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து மெயில் எழுத ஆரம்பித்தார். தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

"அழிஞ்சிடல சார். அழிச்சிட்டோம்."

"எழுதறதுக்குன்னு ஒரு மொற இருக்கு சத்யா. நீ எங்க கெளம்பிட்ட?"

"சிதம்பரம்."

"அங்க போயி என்னா பண்ணப்போற? உன்னால ஆவப்போறது ஒண்ணுமில்ல. அவுங்க கோவத்துல எதாவது சொல்லிடுவாங்க."

சொல்லட்டும் என்று நினைத்தாள். யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை போல இருந்தது அவளுக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தேவசகாயம் இருபத்தாறு வருஷம் இதே தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர் என்று திங்கட்கிழமை அவருக்காகப் பதிந்த படிவத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த பஸ்ஸின் கண்டக்டர் இளவயதுக்காரர். முதுநகர் தாண்டியதிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டே வந்தார். "ஆலப்பாக்கம் எறங்கு, புதுச்சத்திரம் முன்ன வா, முட்லூர் யாரும்மா, படியில நிக்காத." யாரும் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்யா காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தாள். பொத்திக்கொள்ளவில்லை. சிதம்பரம் வருகிறவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போனாள்.

வார்டில் கடைசிக் கட்டிலில் இருந்தார் தேவசகாயம். நல்ல உயரம், நரைத்த மீசை. கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, நடுவில் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. மூச்சு அதன் வழியே உஸ் உஸ்ஸென்று போய் வந்தது. மடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் இருந்தன. பக்கத்தில் ஸ்டூலில் ராஜாமணி. கழுத்தில் சின்னச் சிலுவை கோத்த கருப்புக் கயிறு. லோகநாயகி மாத்திரை வாங்கக் கீழே போயிருப்பதாக அந்த அம்மா சொன்னார்.

"நீ கம்ப்யூட்டர்ல வேலை செய்யிற பொண்ணா? லோகா சொல்லுச்சு, நீ வருவேன்னு. கொண்டாந்தியா?"

"என்னாம்மா?"

"அவரு குரலுதான். நேத்து பேசுனாரே. போன்ல போட்டுக் குடுக்குறேன்னு சொன்னாங்களே." அந்த அம்மா முந்தானை முடிச்சிலிருந்து பட்டன் தேய்ந்த ஒரு சின்ன போனை எடுத்து நீட்டினார். "இதுல ஏறுமா, வேற வாங்கணுமா?"

லோகநாயகி இன்னும் சொல்லவில்லை. சொல்லும் பொறுப்பைச் சத்யாவுக்கே விட்டுவைத்திருக்கிறார். பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"அது போயிடுச்சும்மா."

"போயிடுச்சுன்னா? எங்க போச்சு?"

"அழிச்சிட்டேன். தெரியாம அழிச்சிட்டேன். ஒரு வார்த்தையத் தப்பா புரிஞ்சிக்கிட்டேன். காலைல பத்தரைக்கே எனக்குத் தெரியும். அப்பவே சொல்லியிருந்தா திரும்பப் பேசியிருப்பாரு. சொல்லாம இருந்துட்டேன்."

ராஜாமணி போனை நீட்டிய கையை மடக்கவே இல்லை. புரிந்ததா புரியவில்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. கட்டிலில் இருந்தவருக்குப் புரிந்துவிட்டது. குழாயின் சத்தம் வேகமானது. அவர் சத்யாவையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. பேனாவை எடுத்தார். பெரிய பெரிய எழுத்தாக எழுதி, தாளைக் கிழித்து மனைவியிடம் கொடுத்தார். இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழித்த கை. தாள் நேராகக் கிழிந்து வந்தது.

ராஜாமணி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வார்டில் சுற்றுமுற்றும் பார்த்தார். நர்ஸ் யாரும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"நீயே படி," என்று தாளைச் சத்யாவிடம் நீட்டினார். "என்னா சொல்றாரு?"

தாளில் இரண்டு வரி இருந்தது. சத்யா படித்தாள். பரவாயில்லை என்று எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். இந்த அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அங்கேதான் படுத்திருந்தார், காது நன்றாகக் கேட்கிறவராக. அவருடைய பேச்சை ஒரே நாளில் இரண்டாம் தடவையும் அழிப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"ராஜாமணி, இந்தப் பொண்ண வெளிய போவச் சொல்லு," என்று படித்தாள். "இவ மொகத்த நான் பாக்க வேணாம்."

தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ராஜாமணி கணவனைப் பார்த்தார். பிறகு சத்யாவைப் பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றாள்.

"இரும்மா, இன்னும் என்னமோ எழுதுறாரு," என்றார் அந்த அம்மா. "அதையும் படிச்சிட்டுப் போயிடு. லோகா வர்றதுக்கு நேரமாவும்."

தேவசகாயம் எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சின்ன எழுத்தாக, நெருக்கி நெருக்கி, பக்கம் முழுக்க எழுதினார். நடுவில் நிறுத்தி மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதினார். எழுதி முடித்ததும் தாளைக் கிழித்தார். ராஜாமணி வாங்கி, அப்படியே சத்யாவின் பக்கம் நீட்டினார்.

தேவசகாயம் எட்டி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். அந்தத் தாளைச் சத்யாவிடம் கொடுக்கவிடவில்லை. இன்னொருவர் குரலில் மனைவியைக் கூப்பிட மாட்டேன் என்றவர் அவர். ராஜாமணி, "என்னாங்க, என்னா எழுதியிருக்கீங்க, எனக்குத் தெரியலியே," என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்யா வார்டை விட்டு வெளியே வந்தாள்.